மிட்பிளேனா, டூயல் டொமைனா, 3டியா: மோல்டு ஃப்ளோ அனாலிசிஸுக்கு எந்த மெஷ்?

உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள் எப்படி நிரம்பும், எப்படிக் குளிரும் என்று கணினியில் முன்கூட்டியே பார்ப்பதுதான் மோல்டு ஃப்ளோ அனாலிசிஸ். பாகத்தின் ஸ்டெப் ஃபைலை (3டி வரைபடக் கோப்பை) சிமுலேஷன் மென்பொருளுக்குள் இழுத்ததுமே அது கேட்கும் முதல் கேள்வி மெஷ் வகை, அதாவது பாகத்தைச் சிறு துண்டுகளாக, எலிமென்ட்களாக, எப்படிப் பிரிப்பது என்பது. பலரும் யோசிக்காமல் 3டியைத் தட்டிவிடுகிறார்கள். கணினிகள் வேகமாகிவிட்டன, 3டி என்றால் துல்லியம் கூடும் என்ற நினைப்பு. அது பாதிதான் உண்மை. தடிமனுக்கு 4 அடுக்கு மட்டும் உள்ள 3டி மெஷ், ஒழுங்காகப் போட்ட டூயல் டொமைன் மெஷ்ஷை விட மோசமான அழுத்தக் கணக்கைத் தரக்கூடும். அதே சமயம் 8 மி.மீ. தடிமனுள்ள கைப்பிடியை டூயல் டொமைனில் ஓட்டிவிட்டு வண்ணப் படத்தை வாடிக்கையாளருக்கு அனுப்புவதும் நடக்கிறது. இரண்டுமே தவறு. காரணம் ஒன்றேதான்: அந்த மெஷ் எதைக் கணக்கிடுகிறது, எதை விட்டுவிடுகிறது என்று பார்க்காமல் தேர்ந்தெடுப்பது.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 1978-இல் தொடங்கி, 2008-இல் ஆட்டோடெஸ்க் கைக்குப் போன மோல்ட்ஃப்ளோ மென்பொருள் இந்த மூன்று வகைகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிறது. அதனால் பெயர்களும் பெரும்பாலும் அதன் பெயர்களே. தைவானின் மோல்டெக்ஸ்3டி, ஜெர்மனியின் ஆகன் நகரத்து சிக்மாசாஃப்ட் ஆகியவை 3டியையே முதன்மையாக வைத்தவை. அவற்றில் தேர்வு 3டிக்குள்ளேயே வேறு விதமாக வரும்.

மூன்றும் எதைக் கணக்கிடுகின்றன

மிட்பிளேனும் டூயல் டொமைனும் ஹீலி-ஷா தோராயத்தின் மேல் நிற்பவை. உருகிய பிளாஸ்டிக் இரண்டு சுவர்களுக்கு நடுவே மெல்லிய படலமாக ஓடுகிறது, தடிமன் திசையில் ஓட்டமே இல்லை, அந்தத் திசையில் அழுத்தமும் மாறாது என்பது அனுமானம். அதனால்தான் 2.5டி என்கிறார்கள். ஓட்டம் இரு பரிமாணம். வெப்பநிலையும் வேகமும் மட்டும் தடிமன் திசையில் அடுக்கடுக்காகக் கணக்கிடப்படும். மோல்ட்ஃப்ளோவில் இந்த அடுக்குகளின் இயல்பு எண்ணிக்கை 12. இவை மெஷ்ஷில் வரையப்படுவதில்லை. ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் கணக்கிலேயே இருக்கின்றன. அதாவது ஒரு எலிமென்ட் கூடக் கூட்டாமல் 12 அடுக்குத் துல்லியம் கிடைக்கிறது. மிட்பிளேனில் பாகத்தின் நடுத்தளத்தில் மட்டும் முக்கோணங்கள் இருக்கும், தடிமன் ஓர் எண்ணாக ஒட்டப்பட்டிருக்கும். டூயல் டொமைனில் பாகத்தின் வெளித்தோல் முழுக்க முக்கோணங்கள் இருக்கும். எதிரெதிர் முகங்களை மென்பொருள் ஜோடி சேர்த்து, இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைத் தடிமனாக எடுத்துக்கொள்ளும்.

3டியில் இந்த அனுமானங்கள் எதுவும் இல்லை. பாகத்தின் உள்ளே முழுக்க நான்முக எலிமென்ட்கள், அதாவது டெட்ராக்கள், நிரம்பியிருக்கும். மூன்று திசையிலும் வேகம், அழுத்தம், வெப்பநிலை எல்லாம் நோடுகளில் (எலிமென்ட்களின் மூலைப் புள்ளிகளில்) நேரடியாகக் கணக்கிடப்படும். வேண்டுமானால் நிலைமமும் புவியீர்ப்பும் சேரும். விலை என்னவென்றால், தடிமன் திசையில் எத்தனை அடுக்கு நாம் வரைகிறோமோ அவ்வளவுதான் கிடைக்கும். இலவச 12 இங்கே கிடையாது.

இது ஏன் பெரிய விஷயம்? பிளாஸ்டிக்கின் வெப்பப் பரவல் திறன் ஏறக்குறைய 0.1 சதுர மி.மீ./விநாடி. ஒரு விநாடியில் நிரம்பும் பாகத்தில், மோல்டு சுவரின் குளிர்ச்சி உள்ளே நுழையும் ஆழம் அந்த எண்ணையும் நேரத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும்: சுமார் 0.3 மி.மீ. சுவர் 2 மி.மீ., அடுக்கு 4 என்றால் ஓர் அடுக்கு 0.5 மி.மீ. உறைந்த தோல், அதை ஒட்டிய உச்ச ஷியர் (அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவது), செங்குத்தாக ஏறும் வெப்பநிலை, எல்லாம் ஒரே எலிமென்டுக்குள் அடங்கிவிடுகின்றன. சராசரியைத் தவிர அதற்கு வேறெதுவும் தெரியாது. 10 அடுக்கானால் ஒன்று 0.2 மி.மீ.; உறையும் பகுதிக்கு ஒன்றரை எலிமென்டாவது கிடைக்கிறது. சுவரை நோக்கி அடுக்குகளை மெலிதாக்கும் பயாஸ் அமைப்பு இருந்தால் இன்னும் நல்லது. 3டியில் 10 அடுக்கு என்பது ஆடம்பரம் இல்லை, தொடக்கம்.

தடிமன் தவறினால் எல்லாம் தவறும்

எந்த மெஷ் ஆனாலும் அழுத்தக் கணக்கை ஆட்டிவைப்பது தடிமன். நீர் போன்ற நியூட்டோனியன் திரவத்துக்கு ஒரு பிளவில் அழுத்த இழப்பு தடிமனின் மூன்றாம் படிக்கு (பவருக்கு) எதிர்விகிதம். பிளாஸ்டிக் ஷியரில் இளகும்; எவ்வளவு இளகும் என்பதைச் சொல்லும் பவர்-லா குறியீடு 0.3 என்று வைத்தால் தடிமனின் 1.6-ஆம் படிக்கு எதிர்விகிதமாகும். 1.0 மி.மீ. சுவரை 1.1 என்று மெஷ் எடுத்துக்கொண்டால் அழுத்தம் சுமார் 14% குறைவாகக் காட்டும். குளிரும் நேரம் தடிமனின் வர்க்கத்தோடு போவதால் 21% கூடும். மெட்டீரியல் டேட்டாவைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுபவர்கள் இந்தப் பத்தில் ஒரு மி.மீ.யைச் சரிபார்ப்பதில்லை.

டிராஃப்ட் (பாகம் மோல்டிலிருந்து எளிதில் கழன்றுவர சுவருக்குக் கொடுக்கும் சிறு சாய்வு) கொடுக்காத மாடலை அனாலிசிஸுக்கு அனுப்புவது இதே வகைப் பிழை. "ஒரு டிகிரி டிராஃப்ட்தானே, அதில் என்ன இருக்கிறது" என்பார்கள். வெளிச்சுவருக்கு அது சரி. 15 மி.மீ. உயர ரிப்பை (சுவரை வலுப்படுத்தும் மெல்லிய விலாவை) எடுத்துக்கொள்ளுங்கள்: அடியில் 1.2 மி.மீ., இரு பக்கமும் 1° டிராஃப்ட். ஒரு பக்கத்துக்கு 0.26 மி.மீ. கழிகிறது, இரண்டுக்கும் 0.52. ரிப்பின் நுனி 0.68 மி.மீ.தான். 1.2-ஐ விட அது மூன்று மடங்கு வேகமாக உறையும். டிராஃப்ட் இல்லாத மாடலில் அந்த ரிப் அழகாக நிரம்பும். ட்ரயலில் நுனி ஷார்ட் அடிக்கும் (நிரம்பாமல் நின்றுவிடும்), அல்லது காற்று அடைத்துக் கருகும்.

இந்த ஒரு ரிப்பை மூன்று மெஷ்ஷும் எப்படிக் கையாளும் என்று பார்த்தாலே தேர்வில் பாதி புரிந்துவிடும். மிட்பிளேனில் ரிப்பை உயரவாக்கில் பட்டைகளாகப் பிரித்து, 1.1, 0.95, 0.8 என்று தடிமன்களைக் கையால் கொடுக்க வேண்டும். டூயல் டொமைனில் எதிர் முகத்தைப் பார்த்து மென்பொருளே கொடுக்கும். ஆனால் உயரத்தில் 5, 6 வரிசை முக்கோணங்கள் இருந்தால்தான் படிப்படியாக இறங்கும், இரண்டு வரிசை என்றால் சராசரிதான். 3டியில் வடிவம் தானே பேசும். ஆனால் 0.68 நுனியிலும் 10 அடுக்கு வந்திருக்கிறதா என்று மெஷ்ஷை வெட்டிப் பார்க்க வேண்டும்.

மிட்பிளேன்: ஒதுக்கிவிடலாம், இரண்டு இடம் தவிர

வடிவத்தை நடுத்தளமாகச் சுருக்குவது மனித வேலை. தானாகப் பிரித்தெடுக்கும் கருவி இருந்தாலும், டி-சந்திகளிலும் பாஸ் (ஸ்க்ரூ இறங்கும் குழாய்த் தூண்) அடியிலும் அறுந்துபோகும், தைக்க வேண்டியிருக்கும். இன்னொரு ஓட்டை: ரிப் சுவரின் நடுத்தளம் வரை நீள்வதால் 2 மி.மீ. சுவருக்குள் 1 மி.மீ. இரண்டு முறை கணக்கில் ஏறுகிறது. 10 மி.மீ. உயர ரிப் என்றால் அதன் கொள்ளளவில் 10% கூடுதல். மெஷ் கொள்ளளவையும் மூல 3டி வரைபடத்தின் (CAD) கொள்ளளவையும் ஒப்பிட்டால் இது உடனே தெரியும்.

மிச்சமிருக்கும் பயன் இரண்டு. ஒன்று, வடிவமே இன்னும் முடிவாகாத நிலையில் "2.0 போதுமா, 2.5 வேண்டுமா" என்று தடிமனை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டுவது. வரைபடத்தைத் தொடாமல் எண்ணை மட்டும் மாற்றினால் போதும். இரண்டு, ஷெல் எலிமென்டில் வலிமை அனாலிசிஸ் செய்யும் குழுவுக்கு இழைத் திசைகளைக் கொடுப்பது. இவை இரண்டும் இல்லையென்றால் புதிய வேலைக்கு மிட்பிளேன் தேவையில்லை.

டூயல் டொமைன்: மேட்ச் சதவீதம் சொல்லும் சேதி

டூயல் டொமைன் 1990களின் பிற்பாதியில் வந்தபோது கிடைத்த விடுதலை இதுதான்: நடுத்தளம் வரைய வேண்டாம், திட மாடலின் தோலையே எடுத்துக்கொள்ளலாம். அந்த வசதி எதிரெதிர் முகங்கள் ஜோடி சேர்வதில் நிற்கிறது. எத்தனை முக்கோணங்களுக்கு ஜோடி கிடைத்தது என்பதே மேட்ச் சதவீதம். ஃபில் (நிரம்புதல்), பேக் (நிரம்பிய பின் அழுத்திப் பிடித்தல்) அனாலிசிஸுக்கு 85%-க்கு மேல், வார்ப்பேஜுக்கு (குளிர்ந்த பாகம் வளைந்து கோணுவதற்கு) 90%-க்கு மேல் என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கும் எல்லை. ரெசிப்ரோக்கல் சதவீதத்தையும் (ஜோடி இரு திசையிலும் ஒத்துப்போகும் அளவையும்) அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மேட்ச் குறைந்தால் உடனே மெஷ்ஷைப் பொடியாக்குவது வழக்கம். சில நேரம் அது உதவும். ஆனால் 70%-இல் நிற்கும் பாகம் பெரும்பாலும் சொல்வது, "நான் மெல்லிய ஓடு இல்லை" என்பதையே. 20×20×20 மி.மீ. கட்டைக்கு எதிர் முகம் எது? ஆறு முகத்தில் எதை எதோடு ஜோடி சேர்த்தாலும் அர்த்தமில்லை. அங்கே மெஷ்ஷைத் திருத்துவதில் நேரம் போக்காமல் 3டிக்கு மாறிவிடுவதே முறை. ஜோடி கிடைக்காத முக்கோணங்கள் எங்கே இருக்கின்றன என்று படத்தில் பார்ப்பது சதவீதத்தை விட முக்கியம். ரிப் அடியிலும் விளிம்பிலும் சிதறிக் கிடந்தால் பரவாயில்லை. கேட் (பிளாஸ்டிக் பாகத்துக்குள் நுழையும் வாய்) அருகிலோ முக்கிய ஓட்டப் பாதையிலோ கொத்தாக இருந்தால் 88% வந்தாலும் நம்பக்கூடாது.

அடுத்த எல்லை அகலம். ஓட்டப் பாதையின் அகலம் தடிமனைப் போல 4 மடங்காவது இருக்க வேண்டும். ஸ்பீக்கர் கிரில், ஏசி லூவர் போன்றவற்றில் 2×2 மி.மீ. பட்டைகள் வரும். 2.5டி கணக்கு தடிமன் திசையில் போகும் வெப்பத்தையே முறையாகப் பார்க்கும். சதுரப் பட்டையோ நாலு பக்கமும் குளிர்கிறது, அதே தடிமனுள்ள தகட்டை விட ஏறக்குறைய பாதி நேரத்தில் உறைந்துவிடும். ஆகவே டூயல் டொமைனில் அழகாக நிரம்பும் கிரில், மெஷினில் ஹெசிடேஷன் காட்டும், ஓட்டம் தயங்கி நிற்கும். பாகம் முழுக்க மெல்லியதாக இருந்தும் இந்த ஒரு கிரில்லுக்காகவே 3டிக்குப் போக நேரலாம்.

எலிமென்ட் அளவு சுவர்த் தடிமனைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. ஆஸ்பெக்ட் விகிதம் (எலிமென்ட்டின் நீளத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) உச்சம் 6, சராசரி 3-க்குள். ஃப்ரீ எட்ஜ் (ஒரே முக்கோணத்தோடு நிற்கும் விளிம்பு) 0, நான்-மேனிஃபோல்டு எட்ஜ் (இரண்டுக்கு மேற்பட்ட முக்கோணங்கள் சேரும் விளிம்பு) 0, ஒன்றையொன்று வெட்டும் எலிமென்ட் 0, இணைப்புப் பகுதி 1. இவற்றில் எதையும் "கிட்டத்தட்ட சரி" என்று விடக்கூடாது. இணைப்புப் பகுதி 2 என்றால் பாகத்தின் ஒரு துண்டு தனியாக மிதக்கிறது, பிளாஸ்டிக் அங்கே போகவே போகாது.

3டி: எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது

100×60×2 மி.மீ. தகடு ஒன்று. முக்கோணப் பக்கம் 3 மி.மீ. என்றால் ஒரு முக்கோணத்தின் பரப்பு சுமார் 3.9 சதுர மி.மீ., ஒரு முகத்துக்கு ஏறக்குறைய 1,540. மிட்பிளேனுக்கு அவ்வளவே போதும். டூயல் டொமைனுக்கு அதைப் போல் இரு மடங்கு, விளிம்பு தனி. 3டிக்கு 10 அடுக்கு, ஒவ்வோர் அடுக்கிலும் முக்கோணப் பட்டகம் 3 டெட்ராக்களாகப் பிரியும்: 46,000 சொச்சம். பக்கத்தை 1.5 மி.மீ. ஆக்கினால் 1,84,000. அடுக்கையும் 20 ஆக்கினால் மூன்றே முக்கால் லட்சத்தைத் தொடும். வெறும் தகட்டுக்கே இவ்வளவு.

இந்தத் தகட்டில் ஒரு டெட்ரா 3 மி.மீ. நீளம், 0.2 மி.மீ. உயரம்: விகிதம் 15. டூயல் டொமைனில் 6-க்கு மேல் போனால் கையைப் பிசையும் நாம், 3டியில் சராசரி 15-ஐயும் உச்சம் 50-ஐயும் ஒப்புக்கொள்வது இதனால்தான். சாய்ந்த மெலிந்த டெட்ராக்கள் ஓட்டத்தின் குறுக்கே நிற்காமல் சுவரோடு படுத்திருக்கும்வரை தொல்லை குறைவு.

டெட்ரா மட்டுமே 3டி இல்லை. மோல்டெக்ஸ்3டியின் பவுண்டரி லேயர் மெஷ்ஷில் சுவரை ஒட்டி ப்ரிசம் (பட்டக) அடுக்குகளும் உள்ளே டெட்ராக்களும் இருக்கும். மேலே சொன்ன 0.3 மி.மீ. உறையும் பகுதி எங்கே இருக்கிறதோ அங்கேயே எலிமென்ட்டைச் செலவழிப்பதால் இது புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் தோல் மெஷ் சுத்தமாக இருக்க வேண்டும். கூர்மூலையில் ப்ரிசம் ஒன்றையொன்று முட்டி உடையும். சிக்மாசாஃப்ட் போன்றவற்றின் செங்கோண கட்ட மெஷ்ஷில் வடிவத்தைச் சுத்தம் செய்யும் வேலை கிட்டத்தட்ட இல்லை. கூலிங் சேனல், இன்சர்ட் (பதிக்கும் உலோகத் துண்டு), மோல்டு பேஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மெஷ் செய்துவிடலாம். பதிலுக்கு, சாய்ந்த சுவர் படிக்கட்டாக உடைகிறது. மெல்லிய சாய்ந்த ரிப்பில் போதுமான கட்டங்கள் இல்லையென்றால் நிஜத் தடிமனுக்குப் பதில் படிகளின் தடிமன்தான் கணக்கில் ஏறும். மோல்டு முழுவதன் வெப்பச் சமநிலையைத் தேடும் வேலைக்குக் கட்ட மெஷ், மெல்லிய சுவரில் அழுத்தம் தேடும் வேலைக்கு ப்ரிசம் அடுக்கு என்று பிரித்துக்கொள்ளலாம்.

எதை அழிப்பது, எதைத் தொடக்கூடாது

ஸ்டெப் ஃபைலில் முகங்கள் தைக்கப்படாமல் வந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். மெஷ்ஷில் போய்த் தைப்பது மூன்று மடங்கு வேலை. எஸ்டிஎல் (மேற்பரப்பை முக்கோணங்களாக வைக்கும் கோப்பு) என்றால் நாண் உயரம், அதாவது வளைவுக்கும் அதன் நாணுக்கும் உள்ள இடைவெளி, பார்க்க வேண்டும். 0.1 மி.மீ. நாண் உயரத்தில் 5 மி.மீ. ஆரமுள்ள துளை 16 பக்கப் பலகோணமாக வரும், அது போதும். அதே 0.1-இல் 0.5 மி.மீ. ஃபில்லெட்டுக்கு (மூலை வளைவுக்கு) இரண்டே பட்டைகள், ஒவ்வொன்றும் 0.38 மி.மீ. அகலம். பக்கத்து முக்கோணம் 3 மி.மீ. நீளம். விகிதம் 8-ஐத் தொட்டு, பட்டியலில் சிவப்பாக நிற்பது அநேகமாக இதுதான்.

ஆகவே டூயல் டொமைனுக்கு வெளி மூலை ஃபில்லெட், சேம்ஃபர் (மூலைச் சாய்வு வெட்டு) எல்லாவற்றையும் நீக்குவது நல்லது. மேட்ச் உடனே ஏறும். ரிப் அடி ஃபில்லெட்டும் போகலாம், ஆனால் அங்கே சிங்க் மார்க்தான் (மேற்பரப்பு உள்வாங்கும் குழிதான்) கேள்வி என்றால் நீக்கக்கூடாது. அந்த ஃபில்லெட் சேர்க்கும் கனம்தான் சிங்க்கையே உண்டாக்குகிறது. சிங்க் முக்கியம் என்றால் 3டிக்குப் போய் ஃபில்லெட்டை அப்படியே வைப்பது நேர்வழி.

0.2 மி.மீ. ஆழ எழுத்து, லோகோ, மேற்பரப்பு டெக்ஸ்சர், ரீசைக்கிள் முத்திரை: எல்லா மெஷ்ஷிலும் நீக்கலாம். சிறு துளைகளை மட்டும் யோசித்து நீக்குங்கள். துளை போனால் வெல்டு லைனும் (இரு ஓட்டங்கள் சந்தித்து ஒட்டும் கோடும்) போய்விடும். அது ஸ்க்ரூ இறங்கும் துளை என்றால் வாடிக்கையாளர் கேட்கப்போவதே அந்த வெல்டு லைனைத்தான். லிவிங் ஹிஞ்ச் (மடங்கும் மெல்லிய பிளாஸ்டிக் கீல்), கேட் அருகே உள்ள எதையும், தடிமன் மாறும் படிகளையும் தொடக்கூடாது. 0.3 மி.மீ. ஹிஞ்ச்சில் மட்டும் தனியாக எலிமென்ட் அளவைக் குறைக்க வேண்டும்; பாகம் முழுக்கக் குறைப்பது கணினிக்குத் தண்டனை.

இன்சர்ட் உள்ள பாகத்தில், இன்சர்டும் பிளாஸ்டிக்கும் ஒன்றுக்குள் ஒன்று 0.01 மி.மீ. புகுந்திருந்தாலும் 3டி மெஷ் அடம்பிடிக்கும். வரைபடத்திலேயே பூலியன் கழித்தல் செய்து முகங்களைப் பொருத்திக் கொடுங்கள். அப்புறம் யூனிட். அங்குலத்தில் வந்த ஃபைல் 25.4 மடங்கு சுருங்கி நிற்பதை மெஷ் போட்ட பிறகு கண்டுபிடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கேட், ரன்னர், கூலிங் சேனல்

ரன்னருக்கு (பிளாஸ்டிக்கைக் கேட்டுக்குக் கொண்டுவரும் கால்வாய்க்கு) இரண்டு வழி: ஒற்றைப் பரிமாண பீம் எலிமென்ட், அல்லது பாகத்தோடு சேர்த்து 3டி. பீம் வரைவது எளிது, மாற்றுவது அதைவிட எளிது. 6 மி.மீ. ரன்னரை 5 ஆக்க ஓர் எண் போதும். கேட்டில் குறைந்தது 3 எலிமென்ட் வேண்டும். ஒன்றே ஒன்று என்றால் கேட் உறையும் நேரம் பொய்யாகும், பேக்கிங் நேரம் அதை நம்பியிருக்கிறது. 3டி பாகத்தில் பீம் கேட்டை ஒரே நோடில் குத்தி நிறுத்தினால் அந்த நோடில் அழுத்தம் செயற்கையாக எகிறும். கேட்டையும் அதற்கு முந்தைய சில மி.மீ. ரன்னரையும் 3டியாக வைத்து, அதற்கப்பால் பீம் போடுவது நல்ல சமரசம். 1 மி.மீ. பின் கேட்டுக்கு அங்கே எலிமென்ட் 0.2 மி.மீ. அளவுக்கு இறங்க வேண்டும்.

பீம் ஓர் இடத்தில் மட்டும் முழுசாகக் கைவிடும், அது 8 கேவிட்டி போன்ற பல கேவிட்டி (ஒரே அடியில் பல பாகங்கள் தரும்) மோல்டு. வரைபடத்தில் எல்லா ரன்னரும் ஒரே நீளம், ஒரே விட்டம், கிளைக்குக் கிளை சமம். பீம் மெஷ்ஷில் எட்டும் ஒரே நொடியில் நிரம்பும். மெஷினில் ஸ்ப்ரூவுக்கு (பிளாஸ்டிக் மோல்டுக்குள் நுழையும் முதல் குழாய்க்கு) அருகே உள்ள நான்கு முந்திக்கொள்ளும். காரணம் ரன்னருக்குள் இருக்கிறது. சுவரை ஒட்டிய அடுக்கு ஷியரில் சூடாகி இளகும், நடுப்பகுதி அப்படி ஆகாது. ரன்னர் கிளை பிரியும்போது இந்த வெப்ப வளையம் கலப்பதில்லை, பாதியாகப் பிளந்து அடுத்த கிளையின் ஒரு பக்கத்துக்கே போகிறது. அடுத்த கிளையில் அந்தச் சூடான பக்கம் உள் கேவிட்டிகளுக்குத் திரும்புகிறது. பீம் எலிமென்டோ வட்டத்தைச் சுற்றி எங்கும் ஒரே வெப்பநிலை என்று கொள்வதால், கிளையில் இந்தப் பாகுபாடு அழிந்துவிடும். இதை விளக்கி, மெல்ட்ஃப்ளிப்பர் என்ற திருப்பும் அமைப்பைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஜான் பியூமான்ட். சிமுலேஷனில் இதைக் காண வேண்டுமானால் ரன்னர் முழுக்க 3டியாக இருக்க வேண்டும், சுவரோரம் மெல்லிய அடுக்குகள் வேண்டும், நிலைமக் கணக்கு இயக்கப்பட்டிருக்க வேண்டும். ரன்னரில் 5 அடுக்கு மட்டும் போட்டுவிட்டு "3டியிலும் சமமாகத்தான் வருகிறது" என்று சொல்வதில் பயனில்லை.

கூலிங் சேனல் நேர்த் துளையாக இருந்தால் பீம் போதும், எலிமென்ட் நீளம் விட்டத்தைப் போல் இரண்டரை மடங்கு. ரெனால்ட்ஸ் எண் (நீர் எவ்வளவு கொந்தளித்து ஓடுகிறது என்பதன் அளவு) 10,000-க்கு மேல் இருக்கிறதா என்பதே அங்கே முதல் பரிசோதனை. கன்ஃபார்மல் கூலிங் (பாகத்தின் வடிவத்தோடு வளையும் சேனல்), பெரிலியம் காப்பர் இன்சர்ட் என்று வந்தால் மோல்டையும் 3டியாக மெஷ் செய்யும் முறைக்குப் போக வேண்டும்.

ஐந்து பாகங்கள், ஐந்து முடிவுகள்

120×80×25 மி.மீ. ஏபிஎஸ் பெட்டி, சுவர் 2 மி.மீ., உள்ளே ரிப்பும் நான்கு பாஸும். கேட் எங்கே, எத்தனை டன் மெஷின் என்பது கேள்வி. டூயல் டொமைன், 3 மி.மீ. எலிமென்ட். ஐந்தாறு கேட் இடங்களை ஒரே நாளில் ஓட்டித் தள்ளிவிடலாம். தேர்வான ஒன்றை மட்டும் 3டியில் ஓட்டி பாஸ் அடி சிங்க்கைப் பார்க்கலாம். ஐந்தையும் 3டியில் ஓட்டுவது வீண்.

30% கண்ணாடி இழை நைலான் 66 பிராக்கெட், தடிமன் 3 முதல் 8 மி.மீ. வரை: நேராக 3டி. 8 மி.மீ. பகுதியில் இழைகள் தடிமன் திசையிலும் நிமிரும். 2.5டி அதைக் காணாது, சுருக்கமும் வளைவும் அதனால் மாறும்.

12 மி.மீ. பாலிகார்பனேட் லென்ஸ், கைப்பிடி, கியர் கட்டை: 3டி மட்டுமே. ஜெட்டிங் (பிளாஸ்டிக் கயிறு போல் பீச்சியடிப்பது) வருமா என்பதே முக்கியக் கேள்வியாக இருக்கும். நிலைமம் இல்லாமல் அதற்கு விடை கிடையாது.

0.5 மி.மீ. பாலிப்ரொப்பிலீன் கன்டெய்னர், பரப்பு சுமார் 400 சதுர செ.மீ. 1 மி.மீ. முக்கோணம் என்றால் டூயல் டொமைனுக்கு 1,85,000. 10 அடுக்கு 3டிக்கு சுமார் 28 லட்சம் டெட்ரா, விகிதம் 20. வடிவம் 2.5டி அனுமானத்துக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது, எனவே அழுத்தத்துக்கும் டன்னேஜுக்கும் டூயல் டொமைனே தகும். இங்கே மெஷ்ஷை விடப் பெரிய பிழை, அழுத்தத்தோடு பாகுநிலை உயர்வது மெட்டீரியல் டேட்டாவில் இல்லாமல் போவது. நீண்ட மெல்லிய கோர் (மோல்டின் உட்பக்க அச்சு) ஒரு பக்கம் சாயுமா என்ற கேள்வி எழுந்தால் மட்டும் 3டி.

8 கேவிட்டி மூடி மோல்டு: மூடிக்கு டூயல் டொமைன் போதுமானதாக இருந்தாலும், சமநிலைதான் கேள்வி என்பதால் ரன்னரோடு சேர்த்து 3டி.

வார்ப்பேஜுக்கு வரும்போது கணக்கு மாறுகிறது

வார்ப்பேஜில் 3டி எப்போதும் முந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மெல்லிய தட்டையான பாகத்தில் முதல்நிலை டெட்ராக்கள் வளைவதற்கு இயல்பை விட விறைப்பாக நிற்கும். மெஷினில் 1.5 மி.மீ. வளையும் மூடி 3டியில் அதைவிடக் குறைவாகக் காட்டினால் முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டாம் நிலை டெட்ராக்களையும் மெஷ் திரட்டலையும் இயக்கும் வசதி மோல்ட்ஃப்ளோவின் 3டி வார்ப்பேஜ் அனாலிசிஸில் இதற்காகவே இருக்கிறது. டூயல் டொமைனின் ஷெல் அடிப்படை மெல்லிய ஓட்டில் வளைவை நன்றாகப் பிடிக்கும். அதற்கு மேட்ச் 90%-ஐத் தாண்ட வேண்டும். மூலை விளைவையும் இயக்க வேண்டும். பெட்டிச் சுவர்கள் உள்நோக்கிச் சாய்வதற்கு மூலைகளின் உட்பக்கச் சூடும் அங்கே தடைப்படும் சுருக்கமுமே காரணம்.

எப்போது நிறுத்துவது

மெஷ் போதுமா என்பதற்கு ஒரே நேர்மையான பரிசோதனை, ஃபில் மட்டும் மூன்று அளவில் ஓட்டுவது. 2 மி.மீ. ஏபிஎஸ் பெட்டியென்றால் 4, 3, 2 மி.மீ. எலிமென்ட்கள். வி/பி மாற்றத்தின்போது (வேகக் கட்டுப்பாட்டிலிருந்து அழுத்தக் கட்டுப்பாட்டுக்கு மெஷின் மாறும்போது) உள்ள இன்ஜெக்‌ஷன் அழுத்தத்தை ஒப்பிடுங்கள். 3-க்கும் 2-க்கும் இடையே வித்தியாசம் 5%-க்குள் என்றால் 3 போதும். 3டியில் எலிமென்ட் பக்கத்தை விட அடுக்கை மாற்றிப் பார்ப்பது பயன் தரும்: 6, 10, 14. அழுத்தம் இன்னும் நகர்ந்துகொண்டே இருந்தால் 10-இல் நிற்கக்கூடாது.

மெஷின் திரையில் காணும் அழுத்தத்தோடு ஒப்பிடும்போது நாசில் (மெஷின் முனை) இழப்பைக் கழித்துக்கொள்ளுங்கள். அதே வேகத்தில் காற்றில் ஒரு ஷாட் விட்டால் அந்த எண் கிடைக்கும். அதைக் கழிக்காமல் "சிமுலேஷன் குறைவாகக் காட்டுகிறது" என்று மெஷ்ஷைப் பொடியாக்கி, அடுக்கைக் கூட்டி, ஓர் இரவு முழுக்க ஓடவிட்டாலும் அந்த இடைவெளி அப்படியே நிற்கும். மாடலில் நாசிலே இல்லை.